இரண்டு மட்டை நீளம்

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. பந்து புல்லில் நின்றாலும் சரி, புதருக்குள் போனாலும் சரி, கல்லோடு ஒட்டிக்கொண்டாலும் சரி, கிடந்த இடத்திலேயே வைத்து அடிக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் முதல் விதி. ‘இங்கிருந்து என்னால் அடிக்க முடியாது’ என்று ஆடுபவர் வாய்விட்டுச் சொன்னால், பந்தை எடுத்து இரண்டு மட்டை நீளத்துக்குள் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம். அடி குறைந்தவர் ஜெயிக்கிற ஆட்டத்தில் அதற்கு அபராதம் கூடுதலாக ஒரு அடி. ஒரே ஒரு அடி. அதைக் கொடுக்க மனசு வராமல், ஆசை ஆசையாக வாங்கிய மட்டையைக் கல்லில் மோதிக் கெடுத்துக்கொண்டு வருகிற புத்திசாலிகள்தான் அதிகம். அவர்களின் புண்ணியத்தில்தான் மட்டை பழுது பார்க்கிற பட்டறைக்காரர் வீட்டு அடுப்பு இருபத்திரண்டு வருடமாக எரிந்தது.

கிளப் கட்டடத்தின் பின்பக்கம், புல் வெட்டும் எந்திரங்கள் நிற்கும் கொட்டகையை ஒட்டி ஒரு நீளமான அறை. அதுதான் பட்டறை. ஒரு சுவர் முழுக்க நீள மர அளவுகோல். அதன் ஒரு முனையில் கெட்டியான இரும்புத் தடுப்பு. உள்ளே வருகிற எந்த மட்டையானாலும் முதலில் அதன் தலையை அந்த இரும்பில் ‘டக்’கென்று முட்டவைத்து நீளம் பார்ப்பார். முட்டாமல் எடுத்த அளவை அவர் அளவாகவே மதிக்க மாட்டார். அடுத்த வேலை, மட்டையின் தலையில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ அதன் மேல் ஒரு அட்டையை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பது. எடுத்துத் தேதி போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். பழுது பார்த்துக் கொடுத்த பிறகு ‘இது என் மட்டையே இல்லை’ என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் வேறு எதைக் காட்டுவது?

அன்று மத்தியானம் பல் டாக்டர் தன்னுடைய மட்டையோடு வந்தார். பட்டறைக்காரரின் மனைவிக்கு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடுகிறவர், ஆடுகிற அளவுக்கு ஆட்டம் வராதவர்.

“ஆறாவது குழியில அந்தக் கல்லுதானே மச்சான்?” என்று மட்டையைப் பார்க்காமலே கேட்டார் பட்டறைக்காரர்.

“அதேதான். நீங்க வேற எரிச்சலக் கிளப்பாதீங்க மாப்பிள்ளை.”

எரிச்சலுக்குக் காரணம் மட்டை மட்டுமில்லை. டாக்டர் பேசும்போது இடது பக்கம் ஒரு பல் இல்லாதது தெரிந்தது. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவருக்கே பல் போய்விட்டதே என்று கிண்டல் செய்ய வாயெடுத்த பட்டறைக்காரர், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். டாக்டர் ஆணியில் தொங்கிய அட்டைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, தேதி வரிசையில் மேஜைமேல் பரப்பினார்.

“இதெல்லாம் ஒரே கல்லுல பட்டதா?”

“ஆமா. நாலு வருஷத்துல, உங்களோட சேர்த்துப் பதிமூணு பேரு.”

“இது கல்லுல பட்ட அடி இல்ல மாப்பிள்ளை. இது கடி.”

பட்டறைக்காரர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. முதல் அட்டையில் ஒரே ஒரு சின்னப் பள்ளம். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூன்று. இப்படியே போய், டாக்டரின் மட்டையில் அங்கேயே தேய்த்து எடுத்த அட்டையில் பதிமூன்று பள்ளங்கள், அரைவட்டமாக. தினமும் நாற்பது வாய் பார்க்கிறவர் அவர். கைப்பையிலிருந்து பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கிற பிளாஸ்டிக் கீழ்த்தாடை ஒன்றை எடுத்து, அட்டையின் பக்கத்தில் வைத்தார். கடைவாய்ப் பற்கள், முன்பற்கள், எல்லாம் அப்படியே பொருந்தின. கீழே, இடது பக்கம், கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அட்டை வெறுமையாக இருந்தது.

“என்னைத் தவிர மத்தப் பன்னிரண்டு பேரும் என்கிட்டத்தான் வந்தாங்க,” என்றார் டாக்டர். “ஆளுக்கு ஒரு பல்லு. நல்ல பல்லு, சொத்தை கித்தை ஒண்ணும் கிடையாது. அடிச்ச மூணாம் நாள் விழுந்துடுது. வலி இல்ல, ரத்தம் இல்ல. விழுந்த பல்லைத் தேடினா அதுவும் இல்ல. ஒருத்தருக்குப் போன பல்லு இன்னொருத்தருக்குப் போகல. நான் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்ததே இல்ல. என்னோடது போன பிறகுதான் பார்க்கத் தோணுச்சு.”

பிறகு வெட்கப்பட்டவர் போல மெதுவாகச் சொன்னார்: “பல்லோட ஒரு வார்த்தையும் போயிடுது.”

அந்தப் பதிமூன்று பேரில் ஒருவரான தபால் ஆபீஸ் அம்மாள் இப்போதெல்லாம் ‘சனிக்கிழமைக்கு மறுநாள்’ என்றுதான் சொல்கிறார். அந்த நாளின் பெயர் வாயில் வரவில்லை, எழுதிக் காட்டினாலும் படிக்க வரவில்லை. ரொட்டிக் கடைக்காரருக்குத் தன் நாயின் பெயர் போய்விட்டது. விசில் அடித்துக் கூப்பிடுகிறார், அது வருவதில்லை. டாக்டருக்குப் போன வார்த்தை, நோயாளியிடம் வாயை என்ன செய்யச் சொல்ல வேண்டுமோ அந்த வார்த்தை. நாலு நாளாகத் தானே வாயைப் பிளந்து ‘ஆ, இந்த மாதிரி’ என்று காட்டிக்கொண்டிருக்கிறார்.

“பதினாலாவது பல்லு கிடைச்சா என்ன ஆகும் மச்சான்?”

“எனக்கு என்ன தெரியும்? வாய் நிறைஞ்சா பேசும். வேற என்ன செய்யும்?”

பட்டறைக்காரருக்கு உடனே மனைவி நினைவுக்கு வந்தாள். வருகிற சனிக்கிழமை கிளப்பின் பெரிய போட்டியில் கடைசிச் சுற்று. மனைவி முன்னணியில் இருந்தாள். நாலு வருடமாக இரண்டாம் பரிசு வாங்கி வாங்கிச் சலித்தவள். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட ‘அடிக்க முடியாது’ என்று சொல்லிப் பந்தை எடுக்காதவள்.

இருவரும் நேராகச் செயலாளரிடம் போனார்கள். ஒரு இடத்தைச் ‘செப்பனிடும் நிலம்’ என்று சுண்ணாம்புக் கோடு போட்டு அறிவித்துவிட்டால், அங்கே விழும் பந்தை அபராதம் இல்லாமலே எடுத்துத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அந்த அதிகாரம் செயலாளருக்கு உண்டு. செயலாளர் மேஜையில் விதிப் புத்தகம் தவிர வேறொன்றும் இருக்காது. அவருக்கும் ஒரு முன்பல் கட்டிய பல்தான். பதிமூன்று அட்டைகளில் ஒன்பதாவது அவருடைய மட்டையில் எடுத்தது.

“செப்பனிட முடிஞ்சாத்தான் செப்பனிடும் நிலம்,” என்றார் அவர். “அந்தக் கல்லைத் தோண்டிப் பார்த்தோம். ஆள் உயரம் தோண்டியும் அடி தெரியல, மூடிட்டோம். அது நிலத்தோட ஒட்டின கல்லு. மட்டை கெட்டுப்போகும்னு விதியில சலுகை கிடையாது. பயமா இருந்தா ஒரு அடி கொடுத்துட்டு எடுத்துக்க வேண்டியதுதானே?”

“உங்க பல்லு எப்படிப் போச்சுன்னு நினைச்சுப் பாருங்க,” என்றார் டாக்டர்.

“எனக்கு ரெண்டு பசங்க,” என்றார் செயலாளர். “பெரியவன் போன்ல கூப்பிட்டா, ‘சொல்லுப்பா’ன்னுதான் பேசறேன். அவன் பேரு எனக்கு வரமாட்டேங்குது. வயசாச்சு. அதுக்காக விதிய மாத்த முடியுமா?” புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். இப்படியும் ஒரு மனுஷன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே முழுக் கதையையும் கேட்டாள்.

“எங்கண்ணனுக்குப் பல்லைத் தவிர ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு மட்டையத் தவிர ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தா பேய் வராம என்ன வரும்?” என்றாள். “அம்பது வயசுக்கு மேல பல்லும் போகும், பேரும் மறக்கும். போய்த் தூங்குங்க.”

“சரி முக்கா,” என்றார் பட்டறைக்காரர்.

கல்யாணமான புதிதில், எவ்வளவு டீ வேண்டும் என்று கேட்டால் ‘முக்கால் கிளாஸ்’ என்பாள். முழுசாகவும் வேண்டாம், பாதியும் வேண்டாம். அன்று வைத்த பெயர் அது. கதவு சாத்தியிருக்கும்போது மட்டும் கூப்பிடுவார். பெற்ற மகளுக்குக்கூட அப்படி ஒரு பெயர் இருப்பது தெரியாது.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. மனைவியின் பையைப் பட்டறைக்காரர்தான் தூக்கினார், எப்போதும் அவர்தான். கூட ஆடியவர் செயலாளர். அடிக் கணக்கில் அவளைவிட ஒரே ஒரு அடி பின்தங்கியிருந்தார். ஐந்து குழிகள் ஒரு வம்பும் இல்லாமல் முடிந்தன. ஆறாவதில் அவள் அடித்த பந்து நேராகத்தான் போனது. தரையைத் தொட்டு, நின்றுவிட்டது போலத் தெரிந்தது. பிறகு, மேடோ பள்ளமோ இல்லாத இடத்தில், மெல்ல இடது பக்கமாக உருண்டது. அவசரமே இல்லாமல் உருண்டது. எங்கே போகிறது என்று தெரிந்ததும் பட்டறைக்காரருக்குப் பையின் வார் தோளில் வழுக்கியது.

கல் அப்படி ஒன்றும் பெரிதில்லை. உள்ளங்கை அளவுதான் வெளியே தெரிந்தது. கறுப்பு, மேலே ஈரம் பட்டது போல ஒரு பளபளப்பு. எத்தனை வெயில் அடித்தாலும் அந்த ஈரம் காய்வதில்லை என்று புல் வெட்டுகிறவர்கள் சொல்வார்கள். அதைச் சுற்றி ஒரு முழத்துக்குப் புல்லை அவர்கள் கையால்தான் வெட்டுவார்கள். பந்து கல்லின் மேல் விளிம்பில் சாய்ந்து நின்றது. அதை அடித்தால் மட்டை கல்லில் படாமல் போக வழியே இல்லை.

சட்டென்று குனிந்து பந்தை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். எடுத்தாலும் பயனில்லை. அவள் சொல்லாமல் அவர் எடுத்தால் அதற்கும் அபராதம் உண்டு, பந்தும் திரும்ப அதே கல்மேல்தான் போய் உட்காரும். சொல்ல வேண்டியவள் அவள்.

“ஏழாம் நம்பர் மட்டையக் கொடுங்க,” என்றாள் மனைவி.

அவர் கொடுக்கவில்லை.

“என்னங்க?”

“அடிக்காதே.”

“ஒரு அடி போனா சமமாயிடும். நாலு வருஷமா இதுக்குத்தான் நாய்படாத பாடு படறேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இதக் கேக்கறேன்.”

செயலாளர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி கணவரின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு அவர் சொன்ன கதையில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் கை நடுங்குவதை அவள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மட்டை செய்கிறவர் கை நடுங்காது.

“அடிக்க முடியாது. எடுத்துக்கறேன்,” என்று செயலாளரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பல் இருக்கிறதே என்று அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“ஒரு அடி அபராதம். அளந்துக்கங்க,” என்றார் செயலாளர்.

அவள் பந்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். பட்டறைக்காரர் பையிலிருந்து டிரைவரை உருவினார். பையிலேயே நீளமான மட்டை அதுதான். அதை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பதும் விதி. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அவர் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக மட்டையின் தலையை இரும்பில் முட்டவைத்து அளந்த கை அது. பந்து இருந்த இடத்தில் கல்லைப் பார்த்ததும், டிரைவரின் தலையை அதன் மேல் ‘டக்’கென்று முட்டவைத்தது.

உள்ளேயிருந்து ஒரு ‘டக்’ திரும்பி வந்தது.

பிறகு மட்டையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். இழுக்கவில்லை, பிடுங்கவில்லை, கை நீட்டிக் கொடுத்ததை வாயில் வாங்கிக்கொள்வது போல, ஈரமான மெல்லிய ஒரு பிடி. ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு விட்டுவிட்டது.

“என்ன, அளந்தாச்சா?” என்றாள் மனைவி.

“ஆச்சு,” என்றார். இரண்டாவது நீளத்தை எப்படி வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. அவள் முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட்டாள். நல்ல புல்லில் நின்றது. அந்தக் கோபத்தில் ஏழாம் நம்பரால் அவள் அடித்த அடி கொடியிலிருந்து இரண்டடியில் போய் உட்கார்ந்தது. கடைசிக் குழியில் ஒரு அடி வித்தியாசத்தில் செயலாளரை வென்றாள்.

கோப்பையோடு திரும்பி வரும்போது வண்டியில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, “நீங்க சொன்னதக் கேட்டு ஜெயிச்சேன், போதுமா?” என்றாள். அவர் சிரித்து வைத்தார். டிரைவரைப் பட்டறையில் அட்டை வைத்துத் தேய்த்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. உறை போட்டு மூலையில் சாத்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது கீழே இடது பக்கம் நாக்கு வழுக்கியது. கோரைப்பல் இல்லை. தொட்டியில் இல்லை, தரையில் இல்லை. இருந்த இடம் வருடக்கணக்காக ஆறியது போல வழவழவென்று இருந்தது.

மனைவியிடம் ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டது என்றார். மச்சானிடம் உண்மையைச் சொன்னார். டாக்டர் அவர் வாயை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“எந்த வார்த்தை போச்சு?”

“அதத்தான் தேடிட்டிருக்கேன்.”

தேடாத இடமில்லை. பட்டறையில் ஒவ்வொரு கருவியாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். அரம், குறடு, பசை, பிடி, எல்லாம் வந்தன. கிழமைகள் வந்தன. மகள் பெயர், மருமகன் பெயர், செத்துப்போன சித்தப்பா பெயர்வரை வந்தன. மனைவியின் பெயரைத் தனியாக நூறு தடவை சொல்லிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. கோப்பை வந்ததால் வீடு நிறைய உறவுக்காரர்கள். மகள் குடும்பத்தோடு வந்து நடுக்கூடத்தில் படுத்திருந்தாள். கதவு சாத்த வேளையே வரவில்லை. சனிக்கிழமை வந்தபோது, மட்டை அடிபடவில்லை, சும்மா தொட்டதுதானே, பல்லோடு விட்டுவிட்டது போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஒரு பல்தானே. அவளுக்காக ஒரு வாய்ப் பல்லையும் கொடுத்திருப்பார்.

மறுநாள் காலை உறவுக்காரர்கள் கிளம்பியதும் இருவரும் மட்டும் ஆடப் போனார்கள். மைதானத்தில் வேறு யாரும் வந்திருக்கவில்லை. ஆறாவதை விட்டுவிடலாம் என்றார் அவர். ஜெயித்தவள் கேட்பாளா? பந்தை வலது ஓரமாக, கல்லுக்கு வெகுதூரம் தள்ளி அடித்துக் காட்டினாள். “திருப்தியா?” என்றாள். அவருக்கும் திருப்திதான். பந்து நகரவில்லை.

அவள் முன்னால் போனாள். பையோடு அவர் இருபது அடி பின்னால்.

“முக்கா.”

இடது பக்கத்திலிருந்து வந்தது. அவருடைய குரல். பல் போவதற்கு முந்தின குரல், காற்று கசியாத, நல்ல குரல். கதவு சாத்தியபிறகு அவர் கூப்பிடுகிற அதே கொஞ்சல், அதே இழுப்பு.

மனைவி நின்றாள். திரும்பிப் பின்னால் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வாரமாகக் காத்திருந்தவளின் சிரிப்பு வந்தது.

“என்னங்க, அங்க என்ன பண்றீங்க?” என்றபடி கல்லை நோக்கி நடந்தாள்.

பட்டறைக்காரர் பையைப் போட்டுவிட்டு ஓடினார். கூப்பிட வாயைத் திறந்தார். ஊருக்குத் தெரிந்த அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார், இரண்டு தடவை கத்தினார். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. இன்னொரு பெயர் இருந்தது. அதைச் சொன்னால் திரும்பிவிடுவாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எத்தனை எழுத்து, எந்த எழுத்தில் ஆரம்பிக்கும், ஏன் அந்தப் பெயர் வைத்தார், ஒன்றும் அவரிடம் இல்லை. இப்போது கேட்டதேகூட அதற்குள் காதிலிருந்து போய்விட்டது. பல் இருந்த இடத்தில் நாக்கு மட்டும் போய்ப் போய்த் துழாவியது.

கல்லுக்குப் பக்கத்தில் அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அது மறுபடியும் கூப்பிட்டது, இந்தத் தடவை இன்னும் மெதுவாக. அவள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “சரி, வரேன்,” என்றாள்.